ஓர் உதவியின் உள்நோக்கத்தை ஆராய்வது எப்படி?

"பலனை எதிர்பாராமல் யாரும் எதையும் செய்வதில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவர்களில் பெரும்பாலோர் மறுத்துப் பேசத் தயங்குகிறார்கள். மறுத்தால் உலகம் தெரியாதவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம் ஒரு காரணம். அந்தக் கூற்றை எந்த இடத்தில் பிடித்துச் சோதிப்பது என்று தெரியாமலிருப்பது இன்னொரு காரணம். மனிதரிடம் உண்மையான பிறர்நல நாட்டம் உண்டா, அல்லது நாம் செய்யும் ஒவ்வொன்றும் கடைசியில் தன்னலத்தில்தான் போய் முடிகிறதா என்ற கேள்வி என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மனிதகுலம் முழுவதற்குமான ஒரே கேள்வியாக இதைக் கேட்டால் பேச்சு வளர்கிறதே தவிர விடை கிடைப்பதில்லை என்பதும், ஒரு குறிப்பிட்ட செயலை எடுத்து அதன் நோக்கத்தைச் சில கேள்விகளால் வரிசையாகச் சோதித்தால் கணிசமான தெளிவு கிடைக்கிறது என்பதும் என் அனுபவம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கும்போது, நீங்களே செய்த ஓர் உதவியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறர் செய்ததை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உயிரியலையும் மனத்தையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்த வாதம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறது. ஒருவர் உயிரியலைப் பேச, மற்றவர் மனத்தைப் பேசிக்கொண்டிருப்பார். உயிரியலில் பிறர்நலச் செயல் என்றால், செய்யும் உயிரின் இனப்பெருக்க வாய்ப்பைக் குறைத்து வேறோர் உயிரின் வாய்ப்பைக் கூட்டும் செயல் என்றுதான் பொருள். அங்கே எண்ணம், விருப்பம், இரக்கம் எதற்கும் இடமில்லை. கூட்டைக் காப்பதற்காகக் கொட்டிவிட்டு இறந்துபோகும் தேனீயும் அந்த வரையறைக்குள் வந்துவிடும். அத்தகைய பண்பு இயற்கைத் தேர்வில் அழிந்துபோகாமல் எப்படி நிலைத்தது என்ற புதிருக்கு, 1964-இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் ஒரு கணக்கை முன்வைத்தார். நெருங்கிய உறவினர்களும் அதே மரபணுக்களைச் சுமப்பதால், உறவினர் அடையும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்கி வரும் அளவு, உதவுபவரின் இழப்பைவிட அதிகமாக இருக்கும் வரை அந்தப் பண்பு பரவும் என்பது அதன் சாரம். 1971-இல் ராபர்ட் டிரைவர்ஸ், உறவில்லாதவர்களுக்கிடையிலும் இன்று நான், நாளை நீ என்ற பரிமாற்றத்தின் வழியாக உதவும் பண்பு வளரக்கூடும் என்று காட்டினார்.

இவற்றைப் படித்தவர்களில் சிலர், "பார்த்தீர்களா, தாய்ப்பாசம்கூட மரபணுவின் தன்னலம்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு பண்பு ஏன் தோன்றியது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, அந்தப் பண்பு உள்ளவரின் மனம் எதை நாடுகிறது என்ற கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழை இது. பசி தோன்றியது உடல் பிழைத்திருப்பதற்காக. ஆனால் பசித்தவரின் மனம் நாடுவது உணவை. அவர் தம் உயிரணுக்களின் நலத்தைக் கருதித் தட்டின்முன் உட்காருவதில்லை. அதைப் போலவே, குழந்தையின்மீதான பாசம் மரபணுக்களின் பரவலால் நிலைபெற்றது என்பது முழு உண்மையாகவே இருக்கட்டும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகே விழித்திருக்கும் தாய் விரும்புவது குழந்தையின் காய்ச்சல் இறங்குவதைத்தான். ஆகவே ஒரு செயலை ஆராயும்போது, அது எப்படித் தோன்றிய பண்பு என்ற கேள்வியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, செய்தவரின் இறுதி நோக்கம் எது என்பதை மட்டும் கேளுங்கள்.

"என் விருப்பம்" என்பதையும் "எனக்கான விருப்பம்" என்பதையும் குழப்பாதீர்கள்

அடுத்து வரும் வாதம் எளிமையானது. எளிமையாக இருப்பதாலேயே ஆட்களை வீழ்த்திவிடுகிறது. "நீங்கள் விரும்பியதால்தானே செய்தீர்கள்? விரும்பியதைச் செய்வது தன்னலம்தானே?" என்பார்கள். செயல் என் விருப்பத்திலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. வேறு யாருடைய விருப்பத்திலிருந்து என் கை அசையும்? விருப்பம் யாருடையது என்பது ஒரு செய்தி, அந்த விருப்பம் எதைப் பற்றியது என்பது வேறொரு செய்தி. என் வயிறு நிறைய வேண்டும் என்பதும் என் விருப்பம்; அவர் வயிறு நிறைய வேண்டும் என்பதும் என் விருப்பம். முதலாவது என்னைப் பற்றியது, இரண்டாவது அவரைப் பற்றியது. தன்னலம் என்ற சொல்லை இரண்டுக்கும் பொதுவாக்கிவிட்டால், பிறர் வாயிலிருந்து பிடுங்குபவரையும் பிறருக்கு ஊட்டுபவரையும் வேறுபடுத்திச் சொல்ல மொழியில் வேறு சொல் தேட வேண்டிவரும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பிடம் ஒரு கேள்வி கேட்பது நல்லது: "எப்படிப்பட்ட செயலைக் கண்டால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?" எந்தச் செயலைக் காட்டினாலும் அதற்கும் ஒரு மறைவான தன்னலம் இருக்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், மனிதரைக் கவனித்து அவர் அந்த முடிவுக்கு வரவில்லை, சொல்லின் பொருளை முன்கூட்டியே அப்படி வகுத்துக்கொண்டிருக்கிறார். அதை மென்மையாகச் சுட்டிக்காட்டிவிட்டு மேலே செல்லலாம்.

இன்பம் நோக்கமா, விளைவா என்று பாருங்கள்

உதவிய பிறகு மனம் நிறைகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை, மறுப்பது பொய்யாகிவிடும். திருக்குறள் இதற்கு "ஈத்துவக்கும் இன்பம்" என்று பெயரே வைத்திருக்கிறது. அந்தத் தொடரில் ஈதல் முன்னே வருகிறது, உவத்தல் பின்னே வருகிறது. அந்த வரிசையில்தான் நம் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. 1726-இல் வெளியான தம் சொற்பொழிவுகளில் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜோசப் பட்லர் கூறிய வாதமும் இதுவே. ஒரு பொருளின்மீது முன்பே நாட்டம் இருந்தால்தான் அதை அடைவதில் இன்பம் பிறக்கும். பிறர் நலமடைவதில் எனக்கு எள்ளளவும் அக்கறை இல்லையென்றால், அவர் நலமடைந்ததைக் கண்டு எனக்கு எதற்காக மனம் நிறைய வேண்டும்? மனநிறைவு வருகிறது என்பதே, அதற்கு முன்பாக ஓர் அக்கறை இருந்தது என்பதற்குச் சான்றாகிறது.

ஆனால் இந்த வாதம் எல்லா ஐயங்களையும் தீர்த்துவிடாது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸைப் பற்றி, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிய ஜான் ஆப்ரி பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. நோயுற்ற முதியவர் ஒருவருக்கு ஹாப்ஸ் பிச்சையிட்டதைக் கண்ட ஒரு மதகுரு, கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பீர்களா என்று கேட்க, செய்திருப்பேன் என்றார் ஹாப்ஸ். அந்த முதியவரின் துன்பம் தமக்கு வேதனை தந்ததாகவும், தாம் இட்ட பிச்சை அவருடைய துன்பத்தைக் குறைத்ததோடு தம் வேதனையையும் தணித்ததாகவும் அவர் காரணம் கூறினார். இந்தப் பதிலைத் தள்ளிவிட முடியாது. பிறர் துன்பத்தைக் காணும்போது நமக்குள் இரண்டு வகையான உணர்வுகள் எழுகின்றன. ஒன்று அவர்பால் செல்லும் பரிவு; மற்றொன்று நம்மையே கலக்கும் மனவுளைச்சல். உளைச்சல் தாளாமல் உதவுபவர் தம் வேதனைக்கு மருந்து தேடுகிறார் என்றே கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செயலாகத் தெரியும். இவற்றைப் பிரித்தறிய ஒரு சோதனை தேவைப்படுகிறது.

விலகிச் செல்லும் வழியைத் திறந்துவைத்துச் சோதியுங்கள்

என் கருத்தில் இந்த ஆராய்ச்சியின் மையமே இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். உளைச்சலைத் தணிக்க இரண்டு வழிகள் உள்ளன: உதவலாம், அல்லது அந்தக் காட்சியை விட்டு விலகிவிடலாம். பரிவுக்கோ ஒரே வழிதான் உண்டு, ஏனென்றால் நான் விலகிச் சென்றாலும் அவர் துன்பம் அப்படியேதான் இருக்கும். எனவே விலகுவது மிக எளிதாக இருக்கும் நிலையில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால், எந்த உணர்வு அவரை இயக்குகிறது என்பது தெரியவரும்.

கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டேனியல் பேட்சன் தம் குழுவினருடன் சேர்ந்து 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. எலேன் என்ற பெண் மின்னதிர்ச்சி பெறுவதை மாணவியர் திரையில் கண்டனர். உண்மையில் அது முன்பே பதிவுசெய்யப்பட்ட நடிப்பு. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. சிறுவயதில் நேர்ந்த ஒரு விபத்தால் மின்னதிர்ச்சியைத் தாங்குவது தனக்குக் கடினம் என்று எலேன் இடையில் சொல்வார். எஞ்சிய அதிர்ச்சிகளை அவருக்குப் பதிலாக நீங்கள் ஏற்கிறீர்களா என்று மாணவியரிடம் கேட்கப்படும். சிலருக்கு, மறுத்தால் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. சிலருக்கு, மறுத்துவிட்டு உடனே எழுந்து போய்விடலாம். எலேனின் விருப்பங்களும் மதிப்பீடுகளும் தங்களுடையவற்றைப் போன்றவையே என்று சிலரிடம் சொல்லிப் பரிவு தூண்டப்பட்டது. மற்றவர்களிடம் அவர் மாறுபட்டவர் என்று சொல்லப்பட்டது. பரிவு தூண்டப்படாதவர்களில், எளிதாக விலக முடிந்தபோது 18 விழுக்காட்டினரே அதிர்ச்சியை ஏற்க முன்வந்தனர். பரிவு தூண்டப்பட்டவர்களிலோ, அதே எளிய வழி திறந்திருந்தும் 91 விழுக்காட்டினர் முன்வந்தனர். ஆய்வில் பங்கேற்றவர்கள் 44 பேர்தான். சிறிய எண்ணிக்கை என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் தொடர்ந்து வந்த பல ஆய்வுகளிலும் இதே போக்கு தென்பட்டது.

ஐயுறுபவர்கள் சும்மா இருக்கவில்லை, இருந்திருக்கவும் கூடாது. பரிவு வரும்போது துயரமும் சேர்ந்து வருகிறது, அந்தத் துயரத்தைப் போக்கிக்கொள்ளவே உதவுகிறார்கள் என்று உளவியலாளர் ராபர்ட் சியால்தினி 1987-இல் வாதிட்டார். அப்படியானால் தம் மனநிலை எப்படியும் விரைவில் தேறிவிடும் என்று அறிந்தவர்கள் உதவாமலிருக்க வேண்டுமே என்று பேட்சன் குழுவினர் சோதித்தபோது, பரிவுற்றவர்கள் அப்போதும் உதவினார்கள். பரிவின்போது தானும் பிறரும் ஒன்று என்ற உணர்வு ஏற்படுகிறது, எனவே அது தனக்கே உதவிக்கொள்வதுதான் என்று 1997-இல் மற்றொரு மறுப்பு எழுந்தது. இந்த மறுப்பை நான் ஏற்பதில்லை. ஒன்றென்று உணர்பவரும் மின்னதிர்ச்சி எந்த உடலில் பாயும் என்பதை மறந்துவிடுவதில்லை.

இந்தச் சோதனையை உங்கள் செயலுக்குப் பொருத்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. நான் உதவாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, அவரை மறுபடி சந்திக்கவும் வேண்டியிருக்காது, ஒரு வாரத்தில் எனக்கே மறந்துபோயிருக்கும் என்ற நிலையைக் கற்பனை செய்துகொண்டு, அப்போதும் செய்திருப்பேனா என்று கேளுங்கள். உடனே "ஆம்" என்று வரும் பதிலை நம்ப வேண்டாம். கடந்த காலத்தில் அப்படிப்பட்ட வழி உண்மையாகவே திறந்திருந்த தருணங்களை நினைவுகூர்ந்து, அப்போது எந்தப் பக்கம் நடந்தீர்கள் என்று பாருங்கள்.

வேறொருவர் உதவிவிட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொண்ட விதம் இனிமையானதன்று. என் நண்பர் ஒருவரின் தாய் மருத்துவமனையில் இருந்தபோது, இரவில் துணையிருக்க ஆள் தேவைப்பட்டது. நான் என் வேலைகளை ஒதுக்கிவைத்து, மாற்றுடை எடுத்துவைத்துக் கிளம்பும் நேரத்தில், வேறொருவர் ஏற்கெனவே வந்துவிட்டார், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று நண்பர் தொலைபேசியில் சொன்னார். அந்த அம்மாவுக்குத் துணை கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் சில நிமிடங்கள் எனக்குள் இருந்தது ஏமாற்றம். என் கைக்கு வரவேண்டிய ஏதோ ஒன்றை வேறொருவர் எடுத்துக்கொண்டதைப் போன்ற உணர்வு. அவருக்குத் துணை வேண்டும் என்ற விருப்பத்தோடு, துணையிருப்பது நானாக இருக்க வேண்டும் என்ற விருப்பமும் கலந்திருந்ததை அந்த நிமிடங்கள் காட்டிக்கொடுத்தன. நள்ளிரவில் தூக்கம் வராமல் அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். அவர் தூங்குகிறார் என்று கேட்டதும் என் மனமும் அமைதியடைந்தது. அதுவும் உண்மைதான். ஒரே இரவில், ஒரே மனத்தில், இரண்டும் இருந்தன.

இதே கேள்வியைப் பேட்சன் குழுவினர் 1988-இல் ஆய்வாகச் செய்தபோது, பரிவு மிகுந்தவர்களின் மனநிலை, துன்பம் தங்கள் முயற்சியால் நீங்கினாலும் வேறு வழியில் நீங்கினாலும் ஒரே அளவில் தேறியதைக் கண்டனர். புகழையோ தன்மதிப்பையோ நாடி உதவுபவருக்கு அப்படி இருக்க முடியாது. ஆகவே அடுத்த முறை உங்கள் உதவி தேவையற்றுப் போகும்போது, முதலில் எழும் உணர்வைக் கவனித்து அதற்கு நேர்மையாகப் பெயரிடுங்கள். நிம்மதி என்றால் நிம்மதி, ஏமாற்றம் என்றால் ஏமாற்றம்.

கலப்பைக் கண்டவுடன் தீர்ப்பெழுதிவிடாதீர்கள்

இப்படிச் சோதித்தால் பெரும்பாலான செயல்களில் இரண்டு நோக்கங்களும் கலந்திருப்பது தெரியவரும். அங்கேதான் பலர், "பார், இதிலும் தன்னலம் இருக்கிறது, ஆகவே முழுவதும் தன்னலம்" என்று தாவிவிடுகிறார்கள். நோக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதே சரியான முறை. நன்றி கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள், செயல் நிற்கிறதா? பிறர் பார்க்கமாட்டார்கள், இன்னும் நிற்கிறதா? மறுமைப் பயனும் இல்லை, அப்போதும்? எதை நீக்கும்போது செயல் சரிகிறதோ அதுதான் அதைத் தாங்கி நின்ற தூண். "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்னும் குறள் செய்வது இந்த நீக்கலைத்தான். புறநானூற்றில் ஆய் என்னும் வள்ளலை முடமோசியார் பாடும்போது, இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கருதும் "அறவிலை வணிகன்" அவன் அல்லன் என்கிறார். பலனுக்காக அறம் செய்வதை வணிகம் என்றே பெயரிட்டு, அதிலிருந்து வேறுபட்ட கொடை உண்டு என்று அந்தப் புலவர் துணிந்து சொல்லியிருப்பது, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னைத் தலைவணங்க வைக்கிறது.

வெளியிலிருந்து வரும் பரிசு உள்ளேயிருக்கும் நோக்கத்தைக் கெடுத்துவிடக்கூடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள், தெரியாத பெரியவர் ஒருவர் கைதவறிய பொருளை எட்டியெடுக்க முடியாமல் தவிப்பதைக் கண்டு, யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தனர். இருவரும் 2008-இல் செய்த தொடர் ஆய்வில், உதவியதற்குப் பொருள் பரிசு பெற்றுவந்த 20 மாதக் குழந்தைகள் பின்னர் உதவுவது குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களும் எதுவும் பெறாதவர்களும் முன்போலவே உதவினார்கள். பரிசுதான் நோக்கமாக இருந்திருந்தால், பரிசே பெறாத குழந்தைகள் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும்.

சோதனையின் எல்லையை அறிந்திருங்கள்

நம் மனத்தை நாமே முழுவதும் படித்துவிட முடியாது. எவ்வளவு கடுமையாகத் தன்னாய்வு செய்தாலும், கடமை உணர்வின் போர்வையில் தன்னலத்தின் மறைவான தூண்டுதல் ஏதும் இல்லை என்று உறுதியாக முடிவு செய்ய இயலாது என்று ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் காண்ட் 1785-இல் எழுதினார். அது சரியே. ஆனால் உறுதியாகச் சொல்ல இயலாது என்பது இருபுறமும் வெட்டும். தன்னலம் மட்டுமே இருக்கிறது என்றும் உறுதியாகச் சொல்ல இயலாது.

உதவாமல் போனதை வைத்து நெஞ்சில் ஈரமில்லை என்று முடிவு செய்வதும் பிழையாகலாம். 1973-இல் ஜான் டார்லியும் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தார்கள். வழியில் ஒருவர் முனகியபடி சரிந்து கிடக்க, அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவ முன்வந்தனர். நேரமாகிவிட்டது என்று விரைவுபடுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே முன்வந்தனர். இரு பிரிவினரும் ஒரே தன்மை கொண்டவர்கள்தாம். அவர்களை வேறுபடுத்தியது சில நிமிட அவகாசம். ஆகவே நீங்கள் உதவத் தவறிய ஒரு நாளை ஆராயும்போது, அன்று உங்களைத் துரத்திக்கொண்டிருந்தது எது என்றும் கேளுங்கள். பயணத்துக்கு அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்புவதுகூடப் பிறர்நலத்துக்குச் செய்யும் ஓர் ஏற்பாடாக அமையலாம்.

இந்தக் கேள்விகளை உங்களிடம் மட்டும் கேளுங்கள்

தொடக்கத்தில் உங்கள் செயலையே எடுத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பிறர் மனத்துக்குள் எட்டிப்பார்க்க நமக்கு வழியில்லை. அங்கே நாம் காண்பதாக நினைப்பது பெரும்பாலும் நம் ஊகம். பெற்ற உதவியை நோண்டி அதில் அழுக்கைத் தேடுபவர், நன்றி சொல்லும் கடனிலிருந்து தம்மைத் தாமே விடுவித்துக்கொள்கிறார். அந்த ஐயத்துக்குப் பின்னாலும் ஒரு தன்னலம் இருக்கக்கூடும் என்பதை அவர் எண்ணிப்பார்ப்பதில்லை. பிறர் செய்த உதவியைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு: பயன்பட்டதா, பெற்றவரின் மதிப்பைக் காத்ததா, அவர்மீது சுமையேற்றாமல் இருந்ததா? இவற்றுக்கு விடை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது.

உங்கள் செயலைப் பொறுத்தவரை, முடிந்தால் உதவுவதற்கு முன்பே கேளுங்கள். செய்து முடித்த பிறகு கேட்டால், நினைவு நமக்குச் சாதகமாகவே கதை எழுதித் தருகிறது. நான் இப்போது, உதவக் கிளம்பும் முன், இன்னொருவர் வந்துவிட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கிறேன். சில நாள்களில் அந்த வரி எனக்குப் பிடிக்காததாகத்தான் இருக்கிறது. அன்றும் கிளம்பிவிடுகிறேன், காத்திருப்பவருக்கு என் நோக்கம் தெளிவடையும் வரை பொறுத்திருக்க நேரமில்லை.